பூனையின் இதயமும் நம் இதயமும்

'எண்டர் தி டிராகன்' படத்தைப் பார்க்காதவர்கள் நம் வயதுக்காரர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். அந்தப் படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 1973 ஜூலை 20 அன்று, புரூஸ் லீ ஹாங்காங்கில் இறந்துபோனார். வயது 32. கல்லு மாதிரி உடம்பு வைத்திருந்த மனிதர் எப்படி இறந்தார் என்று ஊரெல்லாம் வதந்தி. மரண விசாரணையில் சாட்சி சொல்ல லண்டனிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தார்கள். அவர் பெயர் டொனால்ட் டியர். வலிக்காகச் சாப்பிட்ட ஒரு மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மூளை வீங்கியிருக்கிறது என்பது அவர் சொன்ன முடிவு. 1970இல் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்தவரும் இதே டியர்தான்.

இந்தப் பிரபலங்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. டியரின் பெயர் மருத்துவ நூல்களில் இன்றும் நிற்பது வேறு ஒரு காரியத்துக்காக. பெயர் தெரியாத எட்டு சாதாரண மனிதர்களின் இதயங்களை அவர் கவனமாகப் பார்த்தார். அங்கே தொடங்கிய கதை கனடாவின் ஒரு சிற்றூருக்குப் போய், நியூயார்க்கில் ஒரு பூனை ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியில் மதுரை வரைக்கும் வந்தது. பள்ளியில் விலங்கியல் நடத்திய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகு படித்தவற்றில் மிகவும் பிடித்துப்போன கதை இது.

திடீர் மரணம் என்பது மனிதனுக்குப் பழைய பயம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் நகரத்தில் அடுத்தடுத்துப் பலர் திடீர் திடீரென்று விழுந்து இறந்தார்கள். இது தெய்வக் குற்றமோ என்று ஜனங்கள் நடுங்கினார்கள். அப்போதைய போப் தன் வைத்தியரான லான்சிசியைக் கூப்பிட்டு, காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் உடல்களை அறுத்துப் பார்த்து 1707இல் ஒரு புத்தகமே எழுதினார். இதயத்தில் கோளாறு இருந்ததைப் பல உடல்களில் கண்டார். ஆனால் எந்தக் கோளாறு, ஏன் வந்தது என்பதெல்லாம் தெரிய இன்னும் இருநூற்றைம்பது வருடங்கள் ஆயின.

டியர் லண்டனில் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் வல்லுநர். திடீரென்று இறந்தவர்களின் உடல்கள் அவரிடம்தான் வரும். 1958இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற இதழில் அவர் எட்டுப் பேரைப் பற்றி எழுதினார். எல்லோரும் இளவயதினர் அல்லது நடுவயதைத் தாண்டாதவர்கள். பெரும்பாலோர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இறந்தவர்கள். ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. வால்வில் கோளாறு இல்லை. ஆனால் இதயத்தின் இடது கீழறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே இருக்கும் சுவர் மட்டும் ஒரு பக்கமாகப் பருத்துப்போயிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், வரிசையாக நெய்த பாவு போல ஓட வேண்டிய தசைநார்கள் சிக்குப் பிடித்த நூல்கண்டு போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. இது ஒருவகைக் கட்டியாக இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட்டார். அது கட்டி இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அவர் விவரித்த அந்தக் காட்சி அப்படியே நிலைத்துவிட்டது. இன்று அதற்கு ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி என்று பெயர். இதயத்தசைத் தடிப்பு நோய் என்று சொல்லிக்கொள்வோம். இடையில் டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்து, எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் புழங்கியிருக்கின்றன. நம் தெய்வங்களுக்குக்கூட அவ்வளவு பெயர் இருக்குமா தெரியாது.

அதே சமயத்தில் உயிரோடு இருந்த நோயாளிகளிடம் அறுவை சிகிச்சை டாக்டர்கள் இதே நோயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். லண்டனில் ரஸ்ஸல் பிராக், அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஆண்ட்ரூ கிளென் மாரோ. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு என்று கருவிகள் சொல்லும். நெஞ்சைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால் அடைப்பைக் காணோம்! காரணம் பிறகுதான் விளங்கியது. அறுவைக்காக நிறுத்தி வைத்த இதயத்தில் அந்த அடைப்பு இருக்காது. தடித்த சுவர் துடிக்கும்போது மட்டும்தான் வழியை நெருக்குகிறது. மாரோ அந்தத் தடித்த சுவரில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுக்கும் முறையை உருவாக்கினார். இன்றும் அந்தச் சிகிச்சை அவர் பெயரால் வழங்குகிறது. விதியின் விளையாட்டு என்னவென்றால், அந்த மாரோவுக்கே இந்த நோய் இருந்தது. 1982இல், அறுபது வயதுகூட ஆகாத நிலையில், காலமானார்.

நோய் குடும்பத்தில் ஓடுகிறது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1960இல் டியரும் சக மருத்துவர்களும் ஒரு குடும்பத்தையே ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்த வருடம் கனடாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கியூபெக் மாநிலத்தில், அமெரிக்க எல்லையை ஒட்டி, கோட்டிகுக் என்று ஒரு சிற்றூர். அங்கே பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வாலிபர்களும் நடுவயதினரும் திடீரென்று இறந்துகொண்டிருந்தார்கள். நம் ஊராக இருந்தால் குலசாபம் என்று சொல்லிப் பரிகாரம் தேடியிருப்போம். டாக்டர் பாரேயும் அவருடைய குழுவினரும் வீடு வீடாகப் போய் வம்சாவளியை எழுதி எடுத்தார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ நோய் இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருகிறது. ஆணுக்கும் வருகிறது, பெண்ணுக்கும் வருகிறது. ஓங்கு பண்பு என்று நாங்கள் பள்ளியில் பட்டாணிச் செடியை வைத்து நடத்துவோமே, அதே கணக்கு.

அந்த வம்சாவளி ஏடு வீண் போகவில்லை. ஏறக்குறைய முப்பது வருடங்கள் கழித்து, ஹார்வர்டில் சைட்மன் தம்பதியரின் ஆராய்ச்சிக் குழு அதே கோட்டிகுக் குடும்பத்தின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தது. 1989இல் கோளாறு பதினான்காம் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். 1990இல் எந்த மரபணு என்பதும் தெரிந்துவிட்டது. மயோசின் என்ற தசைப் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதன் விளைவாக, புரதச் சங்கிலியில் 403ஆவது மணி வேறு மணியாகிவிட்டது. அவ்வளவுதான். இத்தனை வருடச் சாவுகளுக்கும் ஓர் எழுத்துப் பிழை.

1995இல் இரண்டாவது முக்கிய மரபணு ஒன்று அகப்பட்டது. மயோசினைப் பற்றிக்கொண்டு நிற்கும் 'புரதம்-சி' என்பதற்கான மரபணு. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதிக்கு இதுதான் கதாநாயகன் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து இழுக்கிற கைகள்தான் மயோசின். இழுக்கிறவர்கள் மட்டும் இருந்தால் தேர் தெருவில் நிற்காது; சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆள் வேண்டும். புரதம்-சி என்பது ஏறக்குறைய அந்த முட்டுக்கட்டைக்காரர். அவர் சரியாக வேலை செய்யாவிட்டால் தசை அளவுக்கு மீறி இழுக்கிறது, சரியாகத் தளர்வதில்லை, சக்தியை வாரி இறைக்கிறது. வருடக் கணக்கில் இப்படியே போனால் சுவர் தடிக்கிறது, உள்ளறை சுருங்குகிறது. சுருங்கிய அறையில் ரத்தம் நிறைய இடமில்லை. சிக்குப் பிடித்த தசைநார்களுக்கு இடையே மின்னோட்டம் தடுமாறுகிறது. ஓடும்போதோ விளையாடும்போதோ ஒரு கணத்தில் தாளம் தப்பினால் உயிர் போய்விடும். 2003 ஜூனில், பிரான்சின் லியான் நகர மைதானத்தில், கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ யாரும் தொடாமலே சரிந்து விழுந்து இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வயது 28. பிரேதப் பரிசோதனையில் இந்த நோய்தான் தெரிந்தது.

இனிப் பூனைக்கு வருவோம்.

நியூயார்க்கில் 'அனிமல் மெடிக்கல் சென்டர்' என்று ஒரு பெரிய கால்நடை ஆஸ்பத்திரி. நம் ஊரில் கால்நடை ஆஸ்பத்திரி என்றால் மாடும் ஆடும்தான் வாசலில் நிற்கும். அங்கே வருவது வீட்டில் செல்லமாக வளர்க்கும் நாயும் பூனையும். அங்கே நோய்க்குறியியல் பிரிவில் இருந்த சீ-குவாங் லியு, இறந்துபோன பூனைகளின் இதயங்களை வரிசையாக அறுத்துப் பார்த்தார். லண்டனில் டியர் கண்ட அதே காட்சி. தடித்த சுவர், சுருங்கிய அறை, சில இதயங்களில் சிக்கலான நார்கள். 1977இல் லியுவும் டில்லி முதலிய மருத்துவர்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, பூனையின் இதயத்தசை நோய் மனித நோய்க்கு ஒரு மாதிரி என்று சொல்லிவிட்டார்கள். மனித இதயநோய் நிபுணரான பேரி மேரன் பிறகு லியுவோடு சேர்ந்து பூனை இதயங்களை அளந்து எழுதினார். மனிதர் இதயத்துக்கும் பூனை இதயத்துக்கும் ஒரே மேசையில் இடம் கிடைத்தது அப்போதுதான்.

அளவில் மட்டும்தான் வித்தியாசம். நம் இதயச் சுவர் 15 மில்லிமீட்டர் தடித்தால் டாக்டர் கவலைப்படுவார். பூனைக்கு 6 மில்லிமீட்டரே அதிகம். நம் இதயம் நிமிடத்துக்கு எழுபது, எண்பது தடவை துடித்தால், பூனையின் இதயம் இருநூறு வரை அடிக்கும். மற்றபடி நோயின் போக்கு ஒன்றுதான். சில பூனைகளுக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். சில பூனைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடும்.

பூனைக்கே உரிய ஒரு கொடுமையும் உண்டு. இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி கீழே இறங்கி, பெருந்தமனி இரண்டு பின்னங்கால்களுக்கும் பிரிகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு நிமிடம் முன்புவரை நன்றாக இருந்த பூனை பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, அலறிக்கொண்டு வரும். கால்கள் சில்லிட்டுப் போயிருக்கும். நம் தெருவில் அப்படி ஒரு பூனையைப் பார்த்தால், யாரோ பாவி கட்டையால் அடித்துவிட்டான், அல்லது வண்டி ஏறிவிட்டது என்றுதான் சொல்வோம். மனிதர்களிலும் இதே நோயில் மேலறைத் துடிப்பு ஒழுங்கு கெட்டால் ரத்தம் உறையும். ஆனால் நமக்கு அந்தக் கட்டி பெரும்பாலும் மூளைக்குப் போய்ப் பக்கவாதமாக முடியும்.

இங்கே ஒரு கிளைக்கதை. எண்பதுகளில் பூனைகளுக்கு இன்னொரு இதயத்தசை நோய் பரவலாக இருந்தது. சுவர் தடிப்பதற்குப் பதிலாக மெலிந்து, இதயம் பலூன் போல விரிந்து, பம்பு செய்ய முடியாமல் போகும். இதுவும் வம்ச நோயாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். 1987இல் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பியோன் என்ற கால்நடை மருத்துவர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்தப் பூனைகளின் ரத்தத்தில் டாரின் என்ற சத்து குறைவாக இருந்தது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் சத்து அது. நம் உடம்பு தேவைக்குத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது. டப்பாவில் அடைத்து விற்ற பூனை உணவில் அது போதவில்லை. டாரின் கொடுத்ததும், சாகக் கிடந்த பூனைகளின் இதயங்கள் தேறின. கம்பெனிகள் உணவில் டாரினைக் கூட்டின. அந்த நோய் பூனைகளிடையே அபூர்வமாகிப்போனது. எலியும் மீன் தலையும் தின்னும் நம் தெருப்பூனைக்கு இந்தக் கவலை எழுந்திருக்காது என்று நினைக்கிறேன். பரம்பரை என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் சுவர் தடிக்கும் நோய் டாரினுக்கு மசியவில்லை. அது உண்மையிலேயே பரம்பரைதான் என்பதைக் காட்டியது மெய்ன் கூன் என்ற பூனை இனம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்துப் பூனை. பெரிய உடம்பு, சடை சடையாக ரோமம், பஞ்சு போன்ற வால். 1895இல் நியூயார்க்கில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியதே இந்த இனத்துப் பூனைதான். டேவிஸ் பல்கலைக்கழகத்தின் மார்க் கிட்டில்சனும் கேத்ரின் மியூர்ஸ் முதலியவர்களும் இந்த இனத்தில் நோய் வந்த பூனைகளின் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் எழுதினார்கள். கோட்டிகுக் குடும்பத்தில் பாரே போட்ட அதே கணக்கு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தால் குட்டிகளில் பாதிக்கு.

2005இல் மியூர்ஸ் குழு மரபணுவையும் கண்டுபிடித்தது. நம் முட்டுக்கட்டைக்காரர், புரதம்-சி! அதன் சங்கிலியில் 31ஆவது மணி மாறியிருந்தது. செல்லப் பிராணிகளில் தானாக வரும் இந்த நோய்க்கு மரபணுக் காரணம் அகப்பட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடம் கழித்து ராக்டால் என்ற இன்னொரு இனத்தில் அதே மரபணுவில் 820ஆவது இடத்தில் வேறொரு மாற்றம் தெரிந்தது. தூக்கினால் துணிப்பொம்மை மாதிரி துவண்டு கிடக்கும் என்பதால் அந்தப் பெயர். 2010இல் ஸ்பெயின் நாட்டு டாக்டர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ராக்டால் பூனையில் இருந்த அதே இடத்து, அதே மாற்றம், மனிதரிடமும் இருக்கிறது. மனிதருக்கும் இதயத்தசை நோயைத் தருகிறது. பூனையும் மனிதனும் வம்சத்தில் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இருவர் வீட்டிலும் ஒரே புத்தகம். இருவர் புத்தகத்திலும் ஒரே பக்கத்தில் ஒரே அச்சுப்பிழை. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. மனிதர்களில் இந்த நோய் சுமார் 500 பேருக்கு ஒருவருக்கு. லண்டனில் காப்பகத்துப் பூனைகளை, பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்தவற்றைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதினைந்து பூனைகளுக்கு இதயச் சுவர் தடித்திருந்தது. மெய்ன் கூன் இனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் அந்த மாறிய மரபணுவைச் சுமக்கின்றன. சுமப்பவை எல்லாவற்றுக்கும் நோய் வருவதில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வாங்கியவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். இவ்வளவு எப்படிப் பரவியது? அழகான ஒரு கிடாப் பூனை பரிசு வாங்கினால் எல்லோரும் அதையே இணைசேர்க்கக் கேட்பார்கள். அதன் குட்டிகளை மறுபடி தங்களுக்குள்ளேயே இணைப்பார்கள். ரோமமும் வாலும் தேறும்போது, கண்ணுக்குத் தெரியாத பிழையும் கூடவே தேறும். நோய் தலைகாட்டுவதற்குள் அந்தப் பூனை நாலைந்து ஈடு குட்டி போட்டிருக்கும்.

இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் மரபணுச் சோதனை செய்து தந்துவிடுகிறார்கள். அப்படியானால் பிழையுள்ள பூனைகளை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். மூன்றில் ஒரு பங்கை ஒரேயடியாக ஒதுக்கினால், ஏற்கெனவே சிறிய அந்தக் கூட்டம் இன்னும் சுருங்கி, வேறு ஏதாவது பிழை தலையெடுக்கும். இரட்டையாகச் சுமப்பதைத் தவிர். ஒற்றையாகச் சுமப்பது நல்ல பூனையாக இருந்தால், பிழை இல்லாததோடு மட்டும் சேர். குட்டிகளில் பிழை இல்லாததை அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொள் என்று நிபுணர்கள் நிதானமாகச் சொல்கிறார்கள்.

நாய்க் கதை சுருக்கமாக. நாய்களில் இந்தத் தடிப்பு நோய் அபூர்வம். இதயம் மெலிந்து விரியும் நோய்தான் அதிகம். 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டிய பங்களாக்களில் நாம் பார்த்த டாபர்மேன்தான் அதற்குப் பேர்போனது. ஐரோப்பாவில் ஆராய்ந்தபோது, டாபர்மேன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆயுளில் எப்போதாவது இந்த நோய் வருகிறது என்று தெரிந்தது. மனிதர்களின் இதே நோயில் அடிக்கடி பழுதாகும் டைட்டின் என்ற ராட்சதப் புரதத்தின் மரபணுவிலேயே டாபர்மேனுக்கும் ஒரு மாற்றத்தை 2019இல் கண்டார்கள். பாக்ஸர் நாய்க்கு வருவது மூன்றாவது வகை: வலது கீழறைத் தசை கொழுப்பாக மாறி, துடிப்பு தாளம் தப்பும். கிரேக்க நாட்டின் நாக்ஸோஸ் தீவில் சில குடும்பங்களில் அந்த வகை நோய் இருப்பதை 1986இல் உள்ளூர் டாக்டர்கள் எழுதினார்கள். அங்கே அடையாளம் சுலபம்: சுருட்டைக் கம்பளி போன்ற முடியும், தடித்துப்போன உள்ளங்கையும். முடியைப் பார்த்தே இதயத்தைச் சோதிக்க அனுப்பலாம். இத்தாலியில் அப்படி அடையாளம் எதையும் எதிர்பார்க்காமல், 1982 முதல் போட்டிகளில் விளையாடும் எல்லோருக்கும் ஈ.சி.ஜி.யோடு சேர்ந்த பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள். விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் அங்கே வெகுவாகக் குறைந்தது.

மதுரைக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் தண்டபாணி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலிய பலர் கூட உழைத்தார்கள். அதே புரதம்-சி மரபணுவில் 25 எழுத்துகள் அப்படியே விடுபட்டுப்போன ஒரு வடிவம் நம் துணைக்கண்டத்தில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருக்கிறது என்று கண்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை என்று எங்கும் உண்டு, ஐரோப்பியர்களிடம் கிடையாது. யாரோ ஒரு மூதாதையிடம் சுமார் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் உண்டாகியிருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கெடுதலான ஒன்று இத்தனை காலம் எப்படித் தப்பிப் பிழைத்தது? மெய்ன் கூன் பூனைக்குச் சொன்ன அதே பதில்தான். தொல்லை வருவது நடுவயதுக்கு மேல்; அதற்குள் பிள்ளை குட்டிகள் பிறந்துவிடுகின்றன.

இந்தச் செய்தி வந்தபோது, நூற்றில் நான்கு இந்தியருக்கு மாரடைப்பு எழுதி வைத்திருக்கிறது என்கிற மாதிரி பேச்சு அடிபட்டது. அது சரியில்லை. மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு. இது தசை நோய். பிறகு வெளிநாடுகளில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்தபோது, 25 எழுத்து விடுபட்டவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும் அதே மரபணுவில் கூடவே இன்னொரு மாற்றம் ஒட்டிக்கொண்டிருப்பதும், தடிப்பு நோய்க்கு உண்மையான குற்றவாளி அந்த உடன்பயணிதான் என்று தோன்றுவதும் தெரியவந்தது. ஆகவே அந்த நான்கு சதவீதத்தில் பெரும்பாலோர் நிம்மதியாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே பிழை சேரும்போது நோய் கடுமையாகிறது என்பது பூனைக்கும் நமக்கும் பொது. அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொடுத்தே பழகிய நம் வீடுகளில் இது யோசிக்க வேண்டிய விஷயம். பூனை வளர்ப்பவர் நாலு தலைமுறை வம்சாவளியைத் தாளில் எழுதி வைத்திருப்பார். நாம் ஜாதகக் கட்டத்தைப் பத்து இடத்தில் காட்டுவோம். தாத்தா எந்த வயதில், எப்படிப் போனார் என்று கேட்க மாட்டோம்.

இதை நான் ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன், என்னிடம் படித்தவன், இருபத்து நான்கு வயதில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. கண்ணேறு என்றார்கள், நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று விட்டுவிட்டான் என்றார்கள். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாருக்குத்தான் மனசு வரும்? பதினாறாம் நாள் காரியத்தில்தான் அவருடைய அத்தை பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க சின்னண்ணனும் இப்படித்தான்ப்பா, கெணத்து மேட்டுல நின்னவன் நின்னபடியே போயிட்டான். முப்பதுகூட ஆகல." பையனுக்கு ஒரு தம்பி இருந்தான். இந்த நோய்களைப் பற்றி அரைகுறையாகவாவது படித்திருந்ததால், அந்த அப்பாவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். "சார், இன்னொருத்தனையும் பயமுறுத்தாதீங்க" என்றார். இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலையில் அவரே வந்து, "எக்கோ எங்க எடுக்கறது சார்?" என்று கேட்டார். தம்பியின் இதயச் சுவர் 19 மில்லிமீட்டர். அப்பாவுக்கும் எடுத்தார்கள், 16. தம்பி இப்போது மாத்திரையில் இருக்கிறான். ஓட்டப்பந்தயம் கிடையாது, மற்றபடி வேலைக்குப் போகிறான். சென்ற தை மாதம் கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லித்தான் செய்தார்கள்.

பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்று நெருங்கிய ரத்த உறவில் எல்லோருக்கும் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுப்பது இந்த நோயில் உலகம் முழுக்க உள்ள நடைமுறை. இன்று ஒழுங்காக இருந்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள், ஏனென்றால் சுவர் பிறவியிலேயே தடிப்பதில்லை. ஆபத்து அதிகம் என்று தோன்றினால் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வைப்பார்கள்; தாளம் தப்பினால் அதுவே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். 1980இல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய கருவி. பூனைக்கு அந்த யோகம் இல்லை.

மருந்து விஷயத்தில் பூனைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மயோசினின் இழுப்பைத் தளர்த்தும் ஒரு மருந்தை, நோயுள்ள ஐந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2016இல் டேவிஸ் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ரத்தம் வெளியேறும் வழியில் இருந்த நெருக்கடி குறைந்தது. மாவகாம்டென் என்ற பெயரில் அதே மருந்து 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. இத்தனை வருடம் படபடப்பைக் குறைக்கும் பொதுவான மாத்திரைகளையே நம்பியிருந்த இந்த நோய்க்கென்றே உருவாக்கிய முதல் மருந்து அது.

பூனைக்குப் பதில் மரியாதை 2025 மார்ச்சில் நடந்தது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து எடுத்து, சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பல வருடங்களாகக் கொடுத்து வரும் ராபமைசின் என்ற மருந்தை, வாரத்துக்கு ஒரு மாத்திரையாக, தடிப்பு நோயின் ஆரம்ப நிலையில் உள்ள பூனைகளுக்குக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. தற்காலிக அனுமதிதான். முழுமையான பலன் இருக்கிறதா என்பதை மருந்துக் கம்பெனி இன்னும் நிரூபித்துக் காட்ட வேண்டும். அதற்கான சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன.